மாதிரி விமானத்திற்கு முதல் பெட்ரோல் எஞ்சின்

சொந்த ஊரை விட்டு வெளிமாநிலத்தில் வாழ்வோருக்கு ஞாயிற்றுக்கிழமை சற்று நீண்ட நாள். உற்றார் வீடு சென்று வரும் வழக்கம் அங்கே இல்லை. கல்யாணமும் திருவிழாவும் தொலைவில் நடைபெறுகின்றன. ஆகவே நம்மவருள் பலர் அந்த ஒரு நாளை ஏதேனும் ஒரு கைவேலைக்கென ஒதுக்கிக்கொள்கின்றனர். அவ்வாறு ஒதுக்கிக்கொண்டவருள், பால்சா மரத்தையும் ஒட்டுப்பலகையையும் அறுத்து ஒட்டி, மாதிரி விமானங்கள் கட்டிப் பறக்கவிடுவோரும் உளர். அவர்களுக்காகவும், அவர்களோடு சேர விரும்புவோருக்காகவும் இன்று ஒரு விஷயத்தை ஆராய்வோம்.

இக்காலத்தில் இக்கலையைத் தொடங்குவோர் பெரும்பாலும் மின்மோட்டாரும் பாட்டரியும் கொண்ட சிறு விமானத்திலேயே தொடங்குகின்றனர். அதுவே முறையும் ஆகும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்ததும், இறக்கை எட்டு அடிக்கு மேல் நீளும் ஒரு பெரிய விமானத்தைக் கட்ட வேண்டும் என்னும் ஆசை எழுகிறது. அத்தகைய விமானத்தைச் சுமக்கும் பாட்டரிகள் விலை மிகுந்தவை. அவை தரும் பறக்கும் நேரமோ சில நிமிடங்கள். அங்கேதான் பெட்ரோல் எஞ்சின் நினைவிற்கு வருகிறது. 'எந்த எஞ்சினை வாங்குவது?' என்னும் கேள்வியும் உடனே பிறக்கிறது.

இக்கேள்விக்கு நாம் கூறும் விடை சற்று ஏமாற்றம் அளிக்கக்கூடும். முதல் எஞ்சினில் தேட வேண்டியது வலிமை அன்று. விமானத்திற்குப் பொருந்துவதாய், நாம் வாழும் ஊரிலேயே பழுது பார்க்கத் தக்கதாய், நினைத்தபோது கிளம்பி நினைத்தபோது நிற்பதாய் உள்ள எஞ்சினே முதல் எஞ்சின். இவற்றுள் 'நினைத்தபோது நிற்பது' என்பதை நாங்கள் விலை கொடுத்துக் கற்றோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். அயல்நாட்டு விலைப்பட்டியல்களில் 'காஸ் எஞ்சின்' என்று காண்போர் சிலர் அது சமையல் எரிவாயுவில் ஓடுவது என்று மயங்குவதுண்டு. அமெரிக்கர் பெட்ரோலுக்கு வழங்கும் பெயரின் சுருக்கமே அது. நம் மோட்டார் வாகனங்களில் ஊற்றும் அதே பெட்ரோலே இங்கும் எரிபொருள்.

இதன் வரலாறும் சுவையானது. 1930களில் அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கென முதன்முதல் பெயர்பெற்ற சிறு எஞ்சின்கள் பெட்ரோலிலும் மின்பொறியிலுமே ஓடின. 1947-இல் ரே ஆர்டன் என்பவர் 'க்ளோ பிளக்' என்னும் சூட்டுப் பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பொறி உண்டாக்கும் சுருளும் பாட்டரியும் தேவையற்றுப் போகவே, மெதனாலும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் எஞ்சின்கள் பல்லாண்டு காலம் அரசோச்சின. பின்னர், மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தில் இருந்த பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி விமானத்தின் மூக்கில் பூட்டிப் பார்த்தனர் சிலர். கனமும் அதிர்வும் மிகுதியாயினும் அது நம்பகமாக ஓடியது, செலவும் குறைந்தது. அவ்வழியே வளர்ந்து, விமானத்திற்கென்றே செய்யப்படும் இன்றைய எஞ்சின்கள் வந்தன. ஜப்பானின் ஜெனோவா, அமெரிக்காவின் டெசர்ட் ஏர்கிராஃப்ட், ஜெர்மனியின் 3டபிள்யூ, சீனாவின் டி.எல்.இ. ஆகியவை இத்துறையில் பலரும் அறிந்த பெயர்கள்.

எஞ்சினைத் தேர்ந்தெடுக்குமுன் விமானத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். மலிவாகக் கிடைத்ததென்று எஞ்சினை வாங்கிவிட்டு, அதற்கு விமானம் தேடுகின்றனர். நாம் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் வி. எம். காட்கே அவர்களின் தலைமையில் உருவாகி, 1951-இல் முதன்முதல் பறந்த எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானத்தை நம்மில் மூத்தோர் கண்டிருப்பர். அதன் இறக்கை முனைக்கு முனை 10.72 மீட்டர். அதனை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக் கட்டினால், இறக்கை 2.68 மீட்டர் ஆகும். அதாவது ஏறத்தாழ எட்டே முக்கால் அடி.

எடை அவ்வாறு நான்கில் ஒன்றாகக் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் நான்கில் ஒன்றாகும்போது கன அளவு அறுபத்து நான்கில் ஒன்றாகிறது. உண்மை விமானம் ஏற்றத்தோடு ஏறத்தாழ 1,016 கிலோ. அதனை 64-ஆல் வகுத்தால் 16 கிலோ வருகிறது. ஆயினும் நாம் கட்டுவது மரத்தாலும் மெல்லிய உறையாலும் ஆகையால், கவனமாகக் கட்டுவோர் அதனைப் 10 கிலோ அளவில் முடித்துவிடலாம். இந்தப் 10 கிலோவே இனி நம் கணக்கிற்கு அடிப்படை.

பெட்ரோல் எஞ்சின்கள் சிலிண்டரின் கொள்ளளவால் அளக்கப்படுகின்றன. முதல் எஞ்சின் வாங்குவோர் பொதுவாக மூன்று அளவுகளைக் காண்பர். 20 சி.சி. எஞ்சின் 16 அங்குல விசிறியைச் சுழற்றும். 5 அல்லது 6 கிலோ எடையுள்ள விமானத்திற்கு அது ஏற்றது. 30 சி.சி. எஞ்சின் 18 அல்லது 19 அங்குல விசிறியைச் சுழற்றி ஏழெட்டுக் கிலோ இழுவிசை தரும். 55 சி.சி. எஞ்சினுக்கு 22 அல்லது 23 அங்குல விசிறி வேண்டும். வானில் செங்குத்தாக நின்று ஆடும் சாகச விமானத்திற்கு, அதன் எடையைவிட இழுவிசை மிகுந்திருத்தல் அவசியம். எச்.டி.-2 போன்ற பயிற்சி விமானமோ இறக்கையின் ஏந்துவிசையால் பறப்பது. எடையில் பாதியளவு இழுவிசை இருந்தாலே அது நன்கு பறக்கும். ஆகவே நம் 10 கிலோ விமானத்திற்கு 30 சி.சி. எஞ்சின் தாராளமாகப் போதும்.

'சற்றுப் பெரிதாக இருந்தால் என்ன குறை?' என்று கேட்கலாம். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டோம்.

வடநாட்டு நகரம் ஒன்றில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நாங்கள் மூவர், 30 சி.சி. எஞ்சினுக்கென வரையப்பட்ட விமானம் ஒன்றைக் கட்டினோம். அச்சமயம் ஒருவர் தம்முடைய பழைய 55 சி.சி. எஞ்சினை மலிவாகத் தருவதாகச் சொன்னார். மலிவு என்றாலும், மூவரும் சேர்த்திருந்த பணம் முழுவதும் அதற்கே சரியாகப் போயிற்று. எஞ்சினைத் தொலைவிலிருந்து நிறுத்தும் சிறு மின்கருவி ஒன்றும் எங்கள் பட்டியலில் இருந்தது. 'அதை அடுத்த மாதம் வாங்கிக்கொள்வோம்' என்று தள்ளிவைத்தோம்.

அந்த எஞ்சின் வேண்டியதைவிட அரைக் கிலோ அதிக கனம். மூக்கு கனத்ததால் வாலில் ஈயம் வைக்க நேர்ந்தது. எடை ஏற ஏற, தரையிறங்கும் வேகமும் ஏறியது. இரண்டாம் நாள் இறங்கியபோது முன்சக்கரத் தண்டு பிடுங்கிக்கொண்டு போயிற்று. அதையாவது மீண்டும் ஒட்டிவிடலாம். அதற்கடுத்த வாரம் நடந்தது அத்தகையதன்று. எஞ்சினைக் கிளப்புமுன் த்ராட்டில் முழுவதும் மூடியிருக்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை. எஞ்சின் ஒரே தட்டில் முழு வேகத்தில் கிளம்பியது. விமானம் முன்னே பாய்ந்தது. அதனைத் தடுக்கக் கை நீட்டிய நண்பரின் வலக்கையில் இரு விரல்கள் வெட்டுண்டன. தைத்துக் கட்டினார்கள், விரல்கள் பிழைத்தன. ஆனால் இரண்டு மாத காலம் அவரால் பேனா பிடிக்க இயலவில்லை. அடுத்த மாதம் வாங்கலாம் என்று நாங்கள் தள்ளிவைத்த கருவி கையில் இருந்திருந்தால், அருகில் நின்றவர் ஒரு விசையைத் தட்டி எஞ்சினை நிறுத்தியிருப்பார்.

விசிறியின் வேகத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 18 அங்குல விசிறி ஒரு சுற்றில் அதன் முனையை ஏறத்தாழ 1.44 மீட்டர் நகர்த்துகிறது. நிமிடத்திற்கு 7,500 சுற்று என்றால், முனையின் வேகம் மணிக்கு 640 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் சுழல்வது கண்ணுக்கு ஒரு மெல்லிய திரைபோலத் தோன்றும். அது இருப்பதே சில சமயம் மறந்துபோகும். ஆகவே முதல் எஞ்சின் வாங்கச் செல்வோர், எஞ்சினின் விலையோடு நிறுத்துகருவியின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இரண்டிற்கும் பணம் போதாதாயின், சிறிய எஞ்சினை வாங்க வேண்டும், நிறுத்துகருவியை விடலாகாது.

இனி எஞ்சினின் அமைப்பைக் காண்போம். இரண்டடிப்பு, நான்கடிப்பு என இருவகை உண்டு. நான்கடிப்பின் ஓசை இனிமையானது. ஆனால் அதில் வால்வுகளும் அவற்றைச் சீர்செய்யும் வேலையும் உள்ளன. இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் அதிர்வு குறைவு. விலையும் பாகங்களும் அதிகம். முதல்முறை வாங்குவோருக்கு ஒற்றைச் சிலிண்டர் இரண்டடிப்பே தக்கது. எச்.டி.-2 விமானத்தின் உண்மை எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்குவன. நம் மாதிரியிலும் சிலிண்டரைக் கீழ்நோக்கிப் பொருத்தினால், அது மூக்கின் மூடிக்குள் அழகாக மறைந்துவிடும். ஆனால் மறைப்பதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். காற்று உள்ளே நுழையும் துவாரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு பரப்பு, அது வெளியேறும் வழிக்கு இருத்தல் வேண்டும். வெளியேற வழியில்லாத காற்று குளிர்விக்காது.

கார்புரேட்டர் பக்கவாட்டில் இருப்பதும் பின்புறம் இருப்பதும் உண்டு. பின்புறம் இருந்தால் மூக்குச் சுவரில் துளையிட வேண்டும். பக்கத்தில் இருந்தால் மூடியில் வெட்ட வேண்டும். வாங்குமுன் விமானத்தின் வரைபடத்தில் எஞ்சினின் அளவுகளை வைத்துப் பார்த்துவிடுவது உத்தமம். இவ்வகைக் கார்புரேட்டருக்குள் ரப்பர் சவ்வால் ஆன ஒரு பம்பு உள்ளது. அது எரிபொருளைத் தானே இழுத்துக்கொள்வதால், தொட்டியை விமானத்தின் எடைமையத்தில் வைக்கலாம். பெட்ரோல் தீரத் தீரச் சமநிலை மாறாது. 30 சி.சி. எஞ்சினுக்கு 400 மில்லிலிட்டர் தொட்டி, ஏறத்தாழ ஒரு கால் மணி நேரப் பறத்தலுக்குப் போதும்.

பொறி உண்டாக்கும் முறையும் இருவகைப்படும். பழைய எஞ்சின்களில் காந்தச் சக்கரம் சுழன்று மின்பொறி தரும். தனிப் பாட்டரி வேண்டா, ஆனால் கனம் கூடும். புதியவற்றில் சிறு மின்னணுப் பெட்டியும் பாட்டரியும் உள்ளன. இவை இலேசானவை, வேகத்திற்கேற்பப் பொறியின் நேரத்தையும் மாற்றிக்கொள்வதால் கையால் கிளப்புவது எளிது. முதல்முறை வாங்குவோருக்கு நாம் இதனையே பரிந்துரைப்போம். ஆனால் இதன் கம்பிகளை வானொலி ஏற்பியிலிருந்து ஓர் அடியேனும் தள்ளி வைக்க வேண்டும். த்ராட்டிலுக்குச் செல்லும் தண்டும் உலோகமாக இன்றிப் பிளாஸ்டிக்காக இருத்தல் நலம்.

அடுத்தது பெட்ரோல். 2025-ஆம் ஆண்டளவில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கார்புரேட்டரின் சவ்வையும் நாளடைவில் இறுகச் செய்யும். ஆகையால் பறக்கவிட்டு முடிந்ததும் தொட்டியை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம். மாதக்கணக்கில் வைத்திருந்த கலவையை உபயோகித்தல் ஆகாது. மெதனால் எரிபொருளுக்கு உகந்த சிலிக்கோன் குழாய் பெட்ரோலில் ஊறி வீங்கிப்போகும். பெட்ரோலுக்கென விற்கப்படும் குழாயையும் தொட்டி மூடியையுமே வாங்க வேண்டும். எண்ணெய்க் கலவையின் அளவு எஞ்சினோடு வரும் குறிப்பில் இருக்கும். முப்பதுக்கு ஒன்று என்றால் ஒரு லிட்டருக்கு 33 மில்லிலிட்டர். ஐம்பதுக்கு ஒன்று என்றால் 20 மில்லிலிட்டர். புது எஞ்சின் பழகுவதற்குச் சில லிட்டர்கள் ஓட வேண்டும். அதுவரை பொறுமை தேவை.

ஊர் மாறி வாழும் நமக்கு இன்னொரு விஷயமும் முக்கியம். எஞ்சின் காற்றையும் உண்கிறது. கடலோரமான சென்னையில் சீராக ஓடிய எஞ்சினை, கடல்மட்டத்திற்கு 900 மீட்டர் உயரமான பெங்களூருக்குக் கொண்டுசென்றால், அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. வலிமையும் அவ்வளவு குறையும். கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். தில்லியின் மார்கழிக் குளிரில் இதற்கு நேர்மாறு. காற்று அடர்ந்து, பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும். கார்புரேட்டரில் உள்ள இரண்டு ஊசித் திருகுகளைச் சிறிது திருப்பி இதனைச் சரிசெய்யலாம். சந்தேகம் வந்தால் பெட்ரோல் சற்று மிகுந்திருப்பதே மேல். புகை கூடுமே தவிர, எஞ்சின் கெடாது.

பழுது பார்ப்பதைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். எவ்வளவு சிறந்த எஞ்சினாயினும், ஒரு சிறு பாகத்திற்காகக் கடல் கடந்து எழுதிக் காத்திருக்க நேர்ந்தால் பயனில்லை. வயலில் புல்வெட்டும் கையெஞ்சின்கள் இன்று நாடெங்கும் உள்ளன. அவற்றிலும் சவ்வுப் பம்பு கொண்ட இவ்வகைக் கார்புரேட்டரே இருப்பதால், அவற்றைப் பழுது பார்ப்பவர் நம் எஞ்சினின் கார்புரேட்டரையும் எளிதில் புரிந்துகொள்வார். நீங்கள் பறக்கவிடும் மைதானத்தில் மற்றவர் எந்த எஞ்சினை வைத்திருக்கின்றனர் என்று கேளுங்கள். நால்வர் வைத்திருக்கும் எஞ்சினே உங்களுக்கும் ஏற்றது. உதிரிப்பாகமும் யோசனையும் அங்கேயே கிடைக்கும். பழைய எஞ்சினை வாங்குவதாயின், அது கிளம்பி, மெதுவாக ஓடி, வேகம் பிடித்து, மீண்டும் மெதுவாவதை நேரில் பார்த்தபின்னரே பணம் கொடுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் குடியிருப்போர் எஞ்சினைப் பால்கனியில் ஓட்டிப் பார்க்கலாகாது. பெட்ரோலையும் வீட்டினுள் சேர்த்து வைக்கலாகாது. தேவையானதை அன்றே தகுந்த கலனில் வாங்கி, அன்றே தீர்ப்பது சிறந்தது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது விமானத்தையும் எடுத்துச் செல்ல விரும்புவோர், ரயிலில் பெட்ரோல் கொண்டுசெல்வது குற்றம் என்பதை நினைவிற்கொள்க. தொட்டி முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும்.

பறக்கவிடும் இடமும் சட்டத்திற்கு உட்பட்டது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், 25 கிலோவிற்கு மேற்படாமல், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு முதலியவற்றிற்காகக் கண்பார்வைக்கு எட்டிய தூரத்திற்குள் இயக்கப்படுபவற்றை மாதிரி வகையாக வகுத்தன. வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகவும் பிரித்தன. மைதானம் எந்த நிறத்தில் உள்ளது என்பதை அரசின் வரைபடத்தில் பார்த்து, அப்போதைய விதிகளையும் அறிந்துகொண்டே விமானத்தை எடுத்துச் செல்ல வேண்டும்.

முடிவாக, கிளப்பும் முறை. ஒருவர் வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். த்ராட்டில் மூடியிருப்பதை இருவரும் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிறுத்துகருவி வேலை செய்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். தட்டுபவர் தடித்த தோலுறை அணிந்து, தட்டியதும் கையை விலக்க வேண்டும். எஞ்சின் கிளம்பியபின் திருகுகளைத் திருப்புவோர் விசிறிக்குப் பின்னால் இருந்தே செய்ய வேண்டும். விசிறி சுழலும் வட்டத்திற்கு நேராக எவரும் நிற்கலாகாது. குழந்தைகள் ஒருபோதும் நிற்கலாகாது.

எங்கள் நண்பர் குணமடைந்ததும் மீண்டும் மைதானத்திற்கு வந்தார். 55 சி.சி. எஞ்சினை விற்றுவிட்டு, 30 சி.சி. எஞ்சின் ஒன்றும் நிறுத்துகருவி ஒன்றும் வாங்கினோம். வாலில் இருந்த ஈயத்தைக் கழற்றினோம். அதே விமானம் அன்று மெதுவாக வந்து, புல்லின்மேல் ஓசையின்றி இறங்கியது. தழும்பேறிய விரலால் நண்பர் அந்தச் சிறு விசையைத் தட்டினார், விசிறி நின்றது. இப்போதெல்லாம் புதிதாக எவர் வந்து 'எந்த எஞ்சின் வாங்கலாம்?' என்று கேட்டாலும், அவர் முதலில் அந்த விசையைத்தான் காட்டுகிறார்.